இரவு 9 மணிக்குப் பூட்டும் விடுதி கேட்: தீப்பிடித்தால் 186 மாணவிகள் எப்படி வெளியே வருவது?

கேட்டவர்: துணை வார்டன்

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மகளிர் விடுதி ஒன்றின் துணை வார்டன் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளுமாகப் பழைய கட்டடம். 186 மாணவிகள் தங்கியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விடுதிக் குழு கூடுகிறது. அதற்குள் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

ஏப்ரலில் தீத்தொண்டு வாரத்தையொட்டி விடுதியில் ஒத்திகை நடந்தது. காலை 11 மணிக்கு. வகுப்புக்குப் போகாமல் அறைகளில் இருந்த நாற்பது பேர் நான்கு நிமிடத்தில் இறங்கி வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். படம் எடுத்தார்கள். ‘சிறப்பாக நடைபெற்றது’ என்று கோப்பில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கேட் திறந்தே கிடக்கும். எல்லா மாணவிகளும் உள்ளே இருப்பது இரவில்தான், அப்போது அது பூட்டியிருக்கும்.

வார்டனிடம் அனுமதி பெற்று, போன புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு நானே ஓர் ஒத்திகை வைத்தேன். தளத்துக்கு ஒருத்தியாக நான்கு மாணவிகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். வாட்ச்வுமன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. மெஸ் மணியை விடாமல் அடிக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றேன்.

முதல் மாணவி கேட்டுக்கு வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மடக்கு இரும்புக் கேட். நடுவில் கனமான திண்டுக்கல் பூட்டு. வாட்ச்வுமன் அம்மா மோட்டார் போடப் பின்பக்கம் போயிருந்தார். அவர் ஓடி வந்து, வளையத்தில் இருந்த பதினொரு சாவிகளில் சரியானதைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று மாடிப் பெண்களும் கீழே வந்து குவிந்துவிட்டார்கள். கேட் திறந்தபோது கடிகாரத்தில் 6 நிமிடம் 20 விநாடி. கடைசி மாணவி வெளியே வந்தபோது 11 நிமிடம்.

நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் நின்ற ஒரு முதலாண்டு மாணவியின் துப்பட்டா, கேட்டின் மடிப்புக்குள் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. பின்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவளால் கத்தவும் முடியவில்லை, கம்பியைத்தான் தட்டினாள். நான் வெளியிலிருந்து கம்பிகளுக்கு இடையே இரண்டு கைகளையும் நுழைத்து அந்தத் துப்பட்டாவைக் கிழித்தேன். அன்றைக்குத் தீ இல்லை, புகை இல்லை, விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அப்போதே இந்த நிலை.

பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருக்கிறது. அதன் கீழ்க்கதவை எப்போது பூட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பூட்டின் சாவித்துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் உடைந்த கட்டில்களும், கழித்துப்போட்ட ஃபோம் மெத்தைகளும் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடக்கின்றன. மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ‘பெண்பிள்ளைகள் பாதுகாப்பு, மேடம். கேட்டைத் திறந்து போட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?’ என்றார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வெளியாள் உள்ளே வரவும் கூடாது, உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இரண்டையும் காப்பாற்றும் கதவு உண்டா? ஊன்றுகோல் வைத்து நடக்கும் மாணவி ஒருத்தி இரண்டாவது மாடியில் இருக்கிறாள், அவளைத் தோழிகள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு இறங்கியதுதான் அந்த 11 நிமிடத்தின் கடைசிப் பகுதி. அவளுக்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தீயணைப்பு நிலைய அலுவலர் (ஓய்வு)

அம்மா, வணக்கம். 31 ஆண்டுகள் தீயணைப்புத் துறையில் இருந்தவன். எத்தனையோ கல்லூரிகளில் ஒத்திகை நடத்திக் கொடுத்திருக்கிறேன். இரவு பத்தரை மணிக்கு, கேட் பூட்டியிருக்கும்போது வைத்துக் காட்டுங்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நீங்கள் குறித்து வைத்திருக்கும் 6 நிமிடம் 20 விநாடி என்ற கணக்கைக் குழுவில் முதல் வரியாகப் படியுங்கள்.

நீங்கள் கேட்கும் கதவு உண்டு. கீலில் ஆடும் கதவு, வெளிப்பக்கம் பார்த்துத் திறக்கும். உள்பக்கம் இடுப்பளவில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். பேனிக் பார் என்பார்கள். கையாலோ இடுப்பாலோ அதை அழுத்தினால் போதும், கதவு திறந்துகொள்ளும். வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாது. பெரிய கடைகளிலும் திரையரங்குகளிலும் அவசர வழி என்று எழுதிய கதவில் பார்த்திருப்பீர்கள். கதவு திறந்த உடனே அலறும் மணியையும் அதோடு சேர்த்துப் பொருத்தலாம். நள்ளிரவில் யார் திறந்தாலும் விடுதியே விழித்துக்கொள்ளும்.

மடக்கு கேட்டை எவ்வளவு எண்ணெய் போட்டு வைத்தாலும் நம்ப வேண்டாம். அதைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். கூட்டம் மேலே சாயும்போது அது இம்மியும் நகராது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி முழுக்க தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியது. உள்ளே இருப்பவர் சாவியைத் தேடாமல் வெளியேற முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘கண்ணாடிப் பெட்டியில் மாற்றுச் சாவி வைத்துவிட்டோம்’ என்று சொல்லி முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். இருட்டில், இருமிக்கொண்டு, பின்னால் நூறு பேர் நெருக்கும்போது, பெரிய பூட்டின் துளையில் சாவியை நுழைக்கப் பழகிய கைக்கே நடுக்கம் வரும். மின்காந்தப் பூட்டு போடலாம் என்று யாராவது சொன்னால், தீ அலாரம் அடித்தாலும் மின்சாரம் போனாலும் தானாக விடுபடும் வகைதானா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கதவு வருவதற்கு முன்னால் உங்கள் கையாலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்த மெத்தைகள். நாளைக்கே வண்டி வைத்து ஏற்றி அனுப்புங்கள். ஃபோம் மெத்தை பற்றினால் வரும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். நாலு மூச்சு இழுத்தவருக்குக் கால் துவண்டுவிடும். படிக்கட்டு அந்தப் புகைக்கு அடுப்பின் புகைபோக்கி மாதிரி. கீழே பற்றுவது மேல்மாடிப் பிள்ளைகளைத்தான் முதலில் திணற வைக்கும். நாங்கள் தூக்கி வந்த உடல்களில் தீக்காயமே இல்லாதவை நிறைய.

மொட்டை மாடிக் கதவையும் விட்டுவிடாதீர்கள். கொல்கத்தாவில் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் 2010 மார்ச் 23 அன்று எரிந்தது, 43 பேர் இறந்தார்கள். கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஓடியவர்கள் பூட்டிய மாடிக்கதவுக்கு முன்னால் படிக்கட்டிலேயே கிடந்தார்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போனபோது நான் வேறு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். அடுத்த சில வாரங்கள் பள்ளி பள்ளியாகப் போய்க் கூரையையும் படிக்கட்டையும் அளந்தோம். அந்தத் துயரத்தை வைத்துத் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. தீர்ப்பு பள்ளிகளுக்கானதுதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுமாதமே அந்தப் பிள்ளை உங்கள் விடுதிக்கு வந்துவிடுகிறாள். குழுவில் இதைச் சொல்லுங்கள்.

பதில் 2: ஒரு மாணவியின் தந்தை

அம்மா, நான் விவசாயி. என் மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி இரண்டாமாண்டு படிக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். ‘ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவோம், கவலைப்படாதீர்கள்’ என்று வார்டன் சொன்ன பிறகுதான் என் அம்மா, அவளுடைய பாட்டி, சம்மதித்தார். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அறியாத வயது. ஒரு பெண் யாரையோ நம்பித் திறந்துவிட்டால், உள்ளே தூங்கும் மற்ற பெண்களின் கதி என்ன? தீ என்றைக்கோ ஒருநாள் வரும், வராமலும் போகலாம். இந்தப் பயம் எங்களுக்குத் தினமும் இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

பதில் 3: துணை வார்டன்

ஐயா, இதில் தவறாக நினைக்க எதுவும் இல்லை. எனக்கும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள்.

குழுவுக்காகத் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. தென்னமெரிக்காவில் கயானா நாட்டில் மஹ்டியா என்ற ஊர். காட்டுப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்து படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி விடுதி. 2023 மே 21 அன்று இரவு தீப்பிடித்தது. சன்னல்களுக்குக் கம்பி. பெண்கள் இரவில் வெளியே போய்விடக் கூடாது என்று கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். பதற்றத்தில் பொறுப்பாளருக்குச் சாவி கிடைக்கவில்லை. 20 பிள்ளைகள் இறந்தார்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் சிறுமிகள். அந்தப் பொறுப்பாளரின் ஐந்து வயது மகன்தான் அந்த ஒருவன்.

சாவி அவர் பொறுப்பில்தான் இருந்திருக்க வேண்டும், ஐயா. தன் பிள்ளையும் உள்ளே இருக்க, அவரைப்போல் தேடியவர் வேறு யாராக இருக்க முடியும்? அவருக்கே கிடைக்கவில்லை. பதினொரு சாவிகள் கோத்த வளையத்தோடு எங்கள் வாட்ச்வுமன் அம்மா கேட்டில் நின்ற கோலம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் பொறுப்பானவர். ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட உறங்கிப் பிடிபட்டதில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு, கதவு திறந்ததும் அலறும் அந்த மணிதான் பதில் என்று நினைக்கிறேன். இப்போது இருக்கும் பூட்டை யாராவது சாவி எடுத்துத் திறந்தால் சத்தமே வராது.

பதில் 4: நியூஜெர்சியில் படிக்கும் மாணவி

மேடம், நான் கோவையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு இப்போது நியூஜெர்சியில் முதுகலை படிக்கிறேன். கதவுக்கு இங்கே சிக்கல் இல்லை, எல்லாமே தள்ளினால் திறப்பவை. அலாரம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

இங்கே வந்த முதல் மாதம், இரவு பதினொரு மணிக்கு ரசத்துக்குத் தாளித்தேன். மிளகாய் கருகிய புகைக்குக் கட்டடம் முழுக்க அலாரம் அடித்துவிட்டது. ஆறு மாடிப் பேரும் குளிரில் இறங்கி நின்றார்கள், நான் கரண்டியோடு. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், கட்டடப் பராமரிப்பில் வேலை பார்ப்பவர், ‘இறங்கி வந்தாயே, அது போதும்’ என்று சொல்லிவிட்டு சீட்டன் ஹால் பற்றிச் சொன்னார்.

சீட்டன் ஹால் இதே மாநிலத்தில் உள்ள பல்கலைக்கழகம். அங்கே போலண்ட் ஹால் என்ற முதலாண்டு மாணவர் விடுதியில் 2000 ஜனவரி 19 அன்று விடியற்காலை நாலரை மணி அளவில் தீப்பிடித்தது. அலாரம் அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் பொய் அலாரம் அடித்து அடித்து, பலர் இதுவும் அப்படித்தான் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தண்ணீர் தெளிப்பான்கள் அந்த விடுதியில் இல்லை. அதே ஆண்டு இம்மாநிலத்தில் மாணவர் விடுதிகளுக்கு அவற்றைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது.

கோவையில் என் விடுதியில் மெஸ் மணிதான் எல்லாவற்றுக்கும். சாப்பாட்டுக்கு, கூட்டத்துக்கு, பவர் கட்டுக்கு. உங்கள் விடுதியிலும் மெஸ் மணியைத்தான் அடித்தீர்கள் என்று படித்ததும் இதை எழுதத் தோன்றியது. தீக்கென்று தனி ஒலி வையுங்கள். வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது.

பதில் 5: காது கேளாத மாணவி

வணக்கம். எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எந்த ஒலி வைத்தாலும் எனக்குப் பயனில்லை. போன ஆண்டு எங்கள் விடுதி ஒத்திகையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நான் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். தற்செயலாக வெளியே பார்த்தபோது வராந்தாவில் செருப்புகள் இல்லை. அப்போதுதான் தெரிந்தது. பளிச் பளிச்சென்று விட்டுவிட்டு எரியும் விளக்கு அலாரத்தோடு சேர்ந்து வருகிறது. அதை அறைக்கு உள்ளேயே பொருத்த வேண்டும், வராந்தாவில் வைத்தால் கதவை மூடித் தூங்கும் எனக்குத் தெரியாது. என் அறைத்தோழி வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் போய்விடுவாள். ‘தோழி எழுப்பிவிடுவாள்’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள்.

பதில் 6: தீயணைப்பு நிலைய அலுவலர் (ஓய்வு)

மேலே எழுதிய பிள்ளை சொன்னதை அச்செடுத்துக் குழுவுக்குக் கொடுங்கள், அம்மா. ஊன்றுகோல் மாணவிக்கும் இதே கதைதான். தரைத்தளத்தில், வெளிவாசலுக்குப் பக்கத்து அறையை முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அறை ஒதுக்க வேண்டும். மாடியில்தான் இருக்க விரும்புகிறாள் என்றால் அவள் விருப்பத்தையும் கேளுங்கள். ஆனால் யார் தூக்குவது, எந்தப் படி வழியாக என்று அவளை வைத்தே பழக வேண்டும். சென்ற முறை தோழிகள் தாமாக வந்தார்கள். எப்போதும் வருவார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று விட்டுவிட்டேன். வருகைப் பதிவேடு எங்கே இருக்கும்? உள்ளே வார்டன் அறையில் என்றால், வெளியே நின்று யாரை எண்ணுவீர்கள்? வந்தவர்களை எண்ண முடியும், வராதவள் பெயர் தெரியாது. எங்கள் ஆள் புகைக்குள் போவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி ‘உள்ளே யார், எந்த அறை?’ என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் கட்டடம் முழுக்கத் தேடியிருக்கிறோம், அன்று ஊருக்குப் போயிருந்த பையனை.

தீயணைப்பான் உருளைகளின் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆறு கிலோ பொடி உருளை அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குப்பைத்தொட்டி அளவு தீக்குத்தான் அது. மெத்தை பற்றிவிட்டால் அறைக்கதவை இழுத்து மூடிவிட்டு, 101-க்குச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். கதவை மூடுவது மட்டுமே வராந்தாவில் இருப்பவர்களுக்குப் பல நிமிடங்களை வாங்கிக் கொடுக்கும்.

பதில் 7: ஒரு மாணவியின் தந்தை

விதை வாங்க டவுனுக்குப் போனபோது பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் அந்தத் தள்ளுகம்பிக் கதவைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் இருந்தது. கேட்டுவிட்டுத்தான் தொட்டிருக்க வேண்டும். கேட்காமலே அழுத்திவிட்டேன். லேசாகத்தான் அழுத்தினேன், திறந்துகொண்டது. மணி அடித்த அடியில் கடை ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். காரணத்தைச் சொன்னேன், விட்டுவிட்டார்கள். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன், பிடி இல்லை, வழவழப்பாக இருந்தது.

அப்படி ஒரு மணியும், வாசலில் இரவு முழுக்க ஒரு ஆளுக்குப் பதில் இரண்டு ஆளும் என்றால் எனக்குச் சம்மதம். மகளின் விடுதிக்கும் எழுதப் போகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், அம்மா.

பதில் 8: துணை வார்டன்

குழு முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பின்கதவுக்குத் தள்ளுகம்பியும் மணியும் போட ஒப்புதல் கிடைத்தது. முன்கேட்டுக்கு அடுத்த நிதியாண்டு என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கதவு வரும்வரை இரவில் பூட்டு கூடாது, உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும், அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஆள் உட்கார வேண்டும் என்று வாதாடினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாவது வாட்ச்வுமனுக்கு ஆணை வந்த பிறகு அப்படியே செய்யலாம் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். மொட்டை மாடிக் கதவு பற்றி முடிவு இல்லை. தனி ஒலிக்கும் அறை விளக்குக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். விலைப்புள்ளியோடு அதே குழுவுக்குத் திரும்பிப் போக வேண்டும், போவேன்.

மெத்தைகளுக்கு யார் அனுமதியையும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை நானும் முப்பது மாணவிகளும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தோம். 43 மெத்தைகள், 17 கட்டில்கள். அடியில் பழைய செய்தித்தாள் கட்டுகளும், பாதி காலியான பெயின்ட் டப்பாக்களும் இருந்தன. பூட்டைத் திறக்க முடியவில்லை, அறுத்துத்தான் எடுத்தோம். கதவு திறந்ததும் படிக்கட்டு முழுக்க வெளிச்சம் வந்தது. இப்படியொரு வழி இருப்பதே தெரியாது என்றாள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. ஐந்தாண்டாக இங்கேயே தங்கியிருப்பவள்.

ஊன்றுகோல் மாணவி தரைத்தளத்துக்கு வர முதலில் மறுத்தாள், தோழிகளைப் பிரிய மனமில்லை. தோழிகள் இரண்டு பேரையும் சேர்த்து 4ஆம் அறைக்கு மாற்றிவிட்டேன். பதிவேட்டின் நகலை இரவு ஒன்பதரைக்கு வாட்ச்வுமன் அம்மாவின் பையில் வைத்துவிடுகிறோம்.

ஐயா, உங்கள் மகளின் விடுதிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாளை இங்கேயே இடுகிறேன். ஒத்திகை இரவில் வைக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக எழுதுங்கள். எங்கள் அடுத்த ஒத்திகை வரும் செவ்வாய் இரவு 11 மணிக்குப் பிறகு. பின்படிக்கட்டும் திறந்திருக்கும். நிமிடக் கணக்கோடு வருகிறேன்.